கால் அதட்டும், கை கெஞ்சும்

மும்பையில், செம்பூரில் நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில், வண்டியிலிருந்து கழற்றிய பாகங்களை வைக்க நீளமான தகரத் தட்டுகள் உண்டு. மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அப்படியொரு தட்டில் நான்கு பிரேக் ஷூக்கள் என் மேசைக்கு வந்தன. பிறை வடிவ இரும்பு. அதன் வெளிவளைவில் கரும்பழுப்பு நிறத்தில் ஒட்டியிருக்கும் லைனிங். புதிதில் அந்த லைனிங் ஐந்து மில்லிமீட்டர் கனம் இருக்கும். தட்டில் கிடந்தவற்றில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஒன்றின் ஓரத்தில் இரும்பே வெளியே தெரிந்தது. நான்கையும் மும்மூன்று இடங்களில் அளந்து எழுதிக்கொண்டேன். வண்டியின் வயது ஏழு மாதம். ஓடியது ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வண்டி என் சித்தியுடையது.

இந்தச் சிறிய பிக்கப் வண்டிகளில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக். டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஓர் இரும்புக் கிண்ணம். அதற்குள் இருக்கும் இரண்டு ஷூக்கள் விரிந்து கிண்ணத்தின் உட்சுவரை அழுத்தும்போது சக்கரம் நிற்கிறது. காலால் மிதித்தால் நான்கு சக்கரமும் பிடிக்கும். பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். முதலில் தேய்வதும் அதுதான். பின் ஷூக்கள் நாற்பதாயிரம் கிலோமீட்டர் வரை ஆளைக் கூப்பிடாது. சித்தியின் வண்டியில் எல்லாம் தலைகீழாக இருந்தது. முன்பக்கம் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் புதிதாக இருக்க, பின்பக்கம் முடிந்துபோயிருந்தது.

எங்கள் மேனேஜர் தட்டை எட்டிப் பார்த்தார். "ஓவர்லோடு," என்றார். பிறகு ஜாப் கார்டைப் புரட்டிவிட்டு, "யார் ஓட்டுறது?" என்று இந்தியில் கேட்டார். வண்டிச் சொந்தக்காரரே ஓட்டுகிறார், அவர் என் சித்தி என்று சொன்னேன். "மௌசியா?" என்று புருவத்தை உயர்த்தினார். மரியாதையானவர்தான். ஆனால் அந்தப் புருவம் எனக்குப் பழக்கமான புருவம். அன்று காலை சித்தி வண்டியைக் கொண்டுவந்தபோது எங்கள் கேட்டில் நின்ற செக்யூரிட்டியும், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடமே, "டிரைவர் எங்கே பாபி?" என்று இந்தியில் அண்ணி முறை வைத்துக் கேட்டிருக்கிறார். "டிரைவர் மாவரைக்கப் போயிருக்கான்னு சொன்னேன்ட்டி," என்று சித்தி என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

சித்தி, அம்மாவின் தங்கை. தாராவியில் இரண்டு கிரைண்டரோடு இட்லி மாவு வியாபாரம் தொடங்கி, நான் டிப்ளமோ முடித்தபோது ஆறு கிரைண்டருக்கு வந்திருந்தாள். அரைப்பது சித்தப்பாவின் பொறுப்பு. கரைத்துப் புளிக்கவைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது சித்தி. மாட்டுங்கா மெஸ்களும் வடாலாவிலும் செம்பூரிலும் உள்ள சிறிய ஓட்டல்களும் அவளிடம் வாங்கின. அரைத்த மாவை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். சித்தி கொடுத்தது எழும்பிய மாவு. காலை ஆறரைக்கு மூடியைத் திறந்தால் மேலே பொங்கி நிற்க வேண்டும், மாஸ்டர் கரண்டியால் அள்ளி நேரே தட்டில் ஊற்ற வேண்டும். எழும்பிய மாவு குலுங்கினால் காற்று போய் அமுங்கிவிடும். அமுங்கிய மாவில் இட்லி தட்டையாக, கனமாக வரும். வாடகை டெம்போக்காரர்கள் குழியிலும் ஸ்பீட் பிரேக்கரிலும் குதித்துப் போய் அவளுடைய பெயரைப் பலமுறை கெடுத்திருந்தார்கள். அதனால்தான் சொந்த வண்டி என்ற எண்ணமே வந்தது. சொந்த வண்டியை ஊரான் கையில் கொடுத்தால் பழைய கதைதானே என்று, நாற்பத்தொரு வயதில் சயானில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். உடன் படித்தவர்கள் எல்லாரும் அவளுடைய பிள்ளைகளின் வயது. முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள்.

ஆனால் தாராவியில் வண்டி வாங்குவதைவிட வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். சித்தியின் வீட்டுச் சந்தில் சைக்கிளை நிறுத்தினாலே வாய்ச்சண்டை வரும். மாமாவுக்கு, அதாவது அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணனுக்கு, மெயின் ரோட்டை ஒட்டித் தோல் பை தைக்கும் கார்கானா இருந்தது. அதன் வாசலில் ஒரு பிக்கப் நிற்கிற அளவுக்கு இடம். மாமா இடத்தைக் கொடுத்தார், நிபந்தனையோடு கொடுத்தார். எங்கள் வீட்டில்தான் அந்தப் பேச்சு நடந்தது.

"பொம்பள வண்டி ஓட்டுனா ஊரு என்ன சொல்லும்னு நான் கேக்கல," என்றார் மாமா. "வண்டி என்ன சொல்லுதுன்னு பாப்போம். ஒரு வருசம். அதுக்குள்ள உன் ஓட்டுல வண்டி படுத்துட்டுன்னா, டிரைவர வச்சிக்கிடணும். பொறவு நீ சாவியத் தொடப்பிடாது."

"வண்டி படுத்தா டாக்டர்ட்டதான காட்டுவாவ. ஆள மாத்துவாவளா?"

"ஆளாலதான் படுத்துச்சுன்னா ஆளத்தான் மாத்தணும்."

சித்தி என்னைக் காட்டினாள். "அந்தா டாக்டர் இருக்கா. அவ சொல்லட்டும், ஆளாலயா வண்டியாலயான்னு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏழு மாதத்தில் அந்தத் தட்டு என் மேசைக்கு வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் எதையும் பட்டியல் போட்டுப் பார்க்கிறவள். கடைக்குப் போனாலும் பட்டியல், ஊருக்குப் போனாலும் பட்டியல். அன்றும் ஒரு தாளை எடுத்து, பின் ஷூ சீக்கிரம் தேய்வதற்கு என்னென்ன காரணங்கள் உண்டோ அத்தனையும் எழுதினேன். அதிக பாரம்: இல்லை, பின் டயரும் ஸ்பிரிங் பட்டையும் நன்றாக இருந்தன, பாரம் என்றால் முன் பிரேக்கும் தேய்ந்திருக்க வேண்டும். வீல் சிலிண்டரில் பிரேக் ஆயில் கசிவு: இல்லை, உலர்ந்திருந்தது. ஷூவைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்: சரி. ஹேண்ட்பிரேக் கேபிள் இறுக்கம்: சரி. ஹேண்ட்பிரேக்கைப் போட்டபடியே ஓட்டுவது: சித்தியிடம் கேட்டேன், "நான் என்ன பைத்தியமா?" என்றாள். கடைசியாக மிஞ்சியது அட்ஜஸ்டர். ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானாகவே சரிசெய்யும் ஒரு சிறு பல்சக்கரம் அது. அது அளவுக்கு மீறி நகர்ந்தால் ஷூ எந்நேரமும் டிரம்மை உரசிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் அது தயாரிப்புக் குறை, கம்பெனியின் பொறுப்பு. ஓட்டியவர் மேல் பழி இல்லை.

அந்தக் காரணம் எனக்குப் பிடித்திருந்தது. உரசல் இருந்திருந்தால், ஜாக்கியில் தூக்கியபோது சக்கரங்கள் கனத்திருக்க வேண்டும். அவை இலேசாகச் சுற்றின. தேய்ந்து முடிந்ததால் இப்போது உரசவில்லை என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன. இரண்டு அட்ஜஸ்டரும் ஒரே நேரத்தில் ஒரே அளவுக்குக் கெடுவது நடக்காத காரியம் என்று மூன்றாம் செமஸ்டர் மாணவிக்குக்கூடத் தெரியும். அதையும் தாண்டிப் போனேன். கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய வாரண்டி அறிக்கையில் "அட்ஜஸ்டர் கோளாறு" என்று வரைவு எழுதிவிட்டேன். மேனேஜர் படித்தார். "ரெண்டு பக்கமுமா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "பேர் உன்னுது. யோசிச்சு சனிக்கிழமை அனுப்பு," என்றார். வண்டி தினமும் ஓடியாக வேண்டும் என்பதால் அன்றே புது ஷூக்களை மாட்டிக் கொடுத்தோம்.

அறிக்கையோடு வண்டி ஏற்றும் பாரத்தின் விவரமும் வேண்டும். அதைக் கண்ணால் பார்த்து எழுதிவிடலாம் என்று வியாழக்கிழமை காலை சித்தியோடு வண்டியில் ஏறினேன். உண்மையில் நான் போனது பாரம் அதிகமில்லை என்று நிரூபிக்கத்தான். பதினான்கு எவர்சில்வர் பாத்திரங்கள். எடை போட்டு எழுதினேன். வண்டிக்கு அனுமதித்ததில் பாதிதான் இருந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. சித்தி செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

அவள் ஓட்டி அதுவரை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. தொண்ணூறு அடி ரோட்டில் பால் வண்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கைவண்டியும் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்த நேரம். வண்டி போனது தெரிந்தது, நின்றது தெரியவில்லை. ஒரு குழிக்கு முன்னால் தளர்ந்து, இறங்கி, ஏறி, மறுபடி போனது. உடம்பு முன்னால் போகவே இல்லை. எந்த டெஸ்ட் டிரைவரோடு போனபோதும் இப்படி ஓர் ஓட்டத்தை நான் அனுபவித்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது. சயான் சிக்னல் நெருங்கியபோதுதான் தற்செயலாக அவளுடைய இடது கையைப் பார்த்தேன்.

அந்தக் கை கியரில் இல்லை. ஹேண்ட்பிரேக் லீவரில் இருந்தது. கட்டைவிரல் நுனி பட்டனை அழுத்திப் பிடித்திருக்க, லீவர் கடகட சத்தம் இல்லாமல் மெதுவாக மேலே வந்தது, வண்டி தளர்ந்தது, பச்சை விழுந்ததும் கீழே இறங்கியது. வலது கால் ஆக்ஸிலேட்டரை விட்டு பிரேக் பெடல் பக்கம் வரவே இல்லை. நான் நோட்டைத் திருப்பி ஒரு கோடு போட்டேன். அடுத்த தடவை இன்னொரு கோடு. மாட்டுங்கா போய்ச் சேர்ந்தபோது நாற்பத்து மூன்று கோடுகள் இருந்தன. ஏழு மாத வண்டியில் அந்தப் பட்டன் மட்டும் பழைய நாணயம்போல் வழவழத்திருந்தது. ஒர்க்‌ஷாப்பில் அதே லீவரை நான் கையால் இழுத்துச் சோதித்திருக்கிறேன். அந்த வழவழப்பு விரலில் பட்டிருக்கும். அது என் பட்டியலில் இல்லை.

ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் விடை அதுதான்.

மெஸ்ஸில் மாவை இறக்கிவிட்டு, மாஸ்டர் கொடுத்த காபியோடு வண்டியருகே நின்றோம். மாஸ்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா கொண்டுவந்தா மாவோட தூக்கம் கலையறதே இல்லை," என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார். நான் கேட்டேன், ஏன் சித்தி ஹேண்ட்பிரேக்கை இழுக்கிறீர்கள் என்று. அவள் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. வண்டி வந்த முதல் வாரத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடி, அவள் பிரேக்கை மிதித்து, மூன்று பாத்திரங்கள் சரிந்து, மாவு முழுவதும் ரோட்டுக்கு வழிந்திருக்கிறது. மறுநாளிலிருந்து கை அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

"காலு அதட்டும்ட்டி. கையி கெஞ்சும்," என்றாள். "மாவுகிட்ட அதட்டு செல்லாது."

"அதான் சித்தி ஷூ தேஞ்சிருக்கு. அந்தக் கைதான் தேச்சிருக்கு."

"தேஞ்சா தேயட்டும். செருப்பு தேயலியா? மாத்திக்கிடலாம்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "நீங்க கால வச்சாத்தான் பின்னால செவப்பு வெளக்கு எரியும். ஹேண்ட்பிரேக்க இழுத்தா எரியாது."

சித்தி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "எரியாதுன்னா?"

"எரியாது. பின்னால வர்றவனுக்கு உங்க வண்டி நிக்கப்போறது தெரியாது."

அவள் வண்டியின் பின்பக்கம் போய் அந்த விளக்குகளைப் பார்த்தாள். நான் உள்ளே ஏறி ஹேண்ட்பிரேக்கை இழுத்துக் காட்டினேன். பிறகு பெடலை மிதித்துக் காட்டினேன். இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"ஏழு மாசமா எம் பின்னால பைக்குல பிள்ளைகள ஏத்திக்கிட்டு எத்தன பேரு வந்திருப்பான்," என்றாள் கடைசியில். "மாவு சிந்தலன்னு நான் சந்தோசமா போயிருக்கேன்."

அட்ஜஸ்டர் கோளாறு என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன், அப்படியே விட்டுவிடலாம், மாமாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம், இனி நீங்கள் கையை எடுத்துவிட்டால் போதும் என்று சொன்னேன். அதைச் சொன்னவள் நான்தான். இன்றைக்கு அதை எழுதும்போது என் காது சூடாகிறது.

"நாளைக்கு வேற ஒருத்தன் வண்டில நெசமாவே அந்தக் கோளாறு வந்து நீ எழுதுனா, அவுக நம்பணுமா வேண்டாமா?" என்றாள் சித்தி. "என்ன நடந்துச்சோ அத எழுது. அண்ணன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

வெள்ளிக்கிழமை அந்த வரைவைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். மேனேஜர் கையெழுத்துப் போடும் முன் இரண்டு தடவை படித்தார். "சொந்த மௌசிக்கு எதிரா எழுதியிருக்கே," என்றார். பிறகு, "செவ்வாய்க்கிழமையே எனக்குச் சந்தேகம். நீயே கண்டுபிடிக்கிறியான்னு பார்த்தேன்," என்றார். கம்பெனி வாரண்டி தரவில்லை. தரமாட்டார்கள் என்று தெரிந்துதான் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து, மாமாவையும் வரச்சொல்லி, ஒன்று விடாமல் சொன்னாள். என் கைதான், நான்தான், தெரியாமல் செய்தேன், தெரிந்தபிறகு செய்ய மாட்டேன். மாமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பேச்சு பேச்சுதானே என்றார். மறுநாள் காலையில் ஒரு டிரைவரை அனுப்பிவைத்தார். இருபது வருடம் டாக்ஸி ஓட்டியவர், நல்ல மனிதர், எந்தக் குறையும் சொல்ல முடியாத ஓட்டம். சித்தி சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனாள். அந்த வாரம் முழுவதும் நான் பேசியபோதெல்லாம் அவள் குரல் பாதியாகத்தான் வந்தது.

மூன்றாம் நாளே மாட்டுங்கா மாஸ்டர் போன் செய்தார். "அம்மா, மாவு கேட்டேன், மோர் அனுப்பியிருக்கேளே." சனிக்கிழமை டிரைவரே மாமாவிடம் போய் சாவியைக் கொடுத்துவிட்டார். "எனக்கு ஆளு ஏத்துற வண்டி போதும் அண்ணாச்சி. ஆளு சிந்த மாட்டான்," என்றாராம். மாமா வேறு ஆள் தேடுவதாகச் சொன்னார். அதுவரைக்கும் நீ ஓட்டு என்றார். அந்த 'அதுவரைக்கும்' எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

எங்களுக்குக் கிடைத்தது அந்த அவகாசம்தான். வடாலாவில் லாரிகள் நிற்கும் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரோடு அகலமாகக் காலியாக இருக்கும். பின்னால் நான்கு பாத்திரங்களில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிக்கொண்டு அங்கே போனோம். எனக்குப் பாடத்தில் தெரிந்ததைச் சொன்னேன்: நிற்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே பார்த்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், கியரைக் குறையுங்கள், என்ஜினே வண்டியைப் பிடிக்கும், கடைசியில் பெடலை இலேசாகத் தொட்டால் போதும். முதல் தடவை இரண்டு பாத்திரத் தண்ணீர் என் மேலேயே வந்தது. பத்தாவது தடவையும் வந்தது. சித்தியின் இடது கை பழக்கத்தில் லீவருக்குப் போய்ப் போய்த் திரும்பியது. ஒரு கட்டத்தில் அவள் முந்தானை நுனியைக் கிழித்து லீவரைக் கீழேயே கட்டிப்போட்டாள்.

அதன்பிறகு அவள் கண்டுபிடித்தது எந்தப் பாடத்திலும் இல்லாதது. முழுப் பாதத்தையும் பெடலில் வைக்காமல் பெருவிரலையும் அதற்கடுத்த விரலையும் மட்டும் வைத்து, மாவு பதம் பார்ப்பதுபோல் அமர்த்தினாள். வண்டி நிற்பதற்கு ஒரு சாண் முன்னால் அந்த அழுத்தத்தையும் பாதியாகத் தளர்த்தினாள். கடைசி நொடியில் வண்டிகள் மூக்கை ஆட்டி நிற்குமே, அந்த ஆட்டம் காணாமல் போனது. பின்னால் போய்ப் பார்த்தேன். தண்ணீர் விளிம்பில் நடுங்கிக்கொண்டிருந்தது, வழியவில்லை. "காலுக்கும் கெஞ்சத் தெரியும்ட்டி. நாமதான் கேக்கல," என்றாள். நான் அதைத் தொழில்நுட்ப மொழியில் என் நோட்டில் எழுதி வைத்தேன். இப்போது படித்தால், அவள் சொன்னதே தெளிவாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து மாட்டுங்காவில் ஒரு முகூர்த்தம். மாமா கஞ்சி போட்ட வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வந்து, டாக்ஸி கிடைக்கவில்லை, போகிற வழியில் என்னை மண்டபத்தில் இறக்கிவிடு என்றார். புது டிரைவர் திங்கட்கிழமை வருவான் என்பதையும் சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். சித்தி வாயகன்ற ஒரு பாத்திரத்தை, பொங்கி நிற்கும் மாவோடு, கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"என்னட்டி இது?"

"பின்னால எடமில்ல அண்ணே. பிடிச்சிக்கிடுங்க."

"மூடி எங்க?"

"மூடி கொண்டாரல."

"ஏட்டி, கல்யாணத்துக்குப் போறேன். வேட்டில ஒரு சொட்டு விழுந்தா—"

"விழுந்தா திங்கக்கெழம உங்க டிரைவர் வரட்டும்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். எனக்கு மாவும் தெரியவில்லை, வேட்டியும் தெரியவில்லை. இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு போனேன். முதல் ஸ்பீட் பிரேக்கரில் எரிந்தன. பள்ளிக்கூடத்தருகில் எரிந்தன. சயான் தாண்டியதும் இடது பக்கச் சந்திலிருந்து ஒரு கைவண்டி திடுமென ரோட்டில் இறங்கியது. என் கை என்னையறியாமல் பிரேக்கை இறுகப் பிடித்தது. முன்னால் விளக்குகள் எரிந்தன, நீண்ட நேரம் எரிந்தன, பிக்கப் யாரோ மடியில் படுக்கவைப்பதுபோல் அடங்கி நின்றது. எனக்கும் அதற்கும் நடுவில் பைக்கில் வந்த ஒருவன், பின்னால் குழந்தையோடு, அவசரமே இல்லாமல் ஒதுங்கிப் போனான். அவனுக்கு எதுவும் தெரியாது. வழி நெடுக அந்த வண்டி இருபத்தாறு தடவை தளர்ந்தோ நின்றோ போனது. இருபத்தாறு தடவையும் விளக்கு எரிந்தது.

மண்டபத்து வாசலில் மாமா இறங்கவில்லை, இறங்க முடியவில்லை. பாத்திரத்தை இறுகப் பிடித்ததில் கை மரத்துப்போயிருந்தது. சித்தி சுற்றிவந்து பாத்திரத்தை வாங்கினாள். மாவு அப்படியே பொங்கி நின்றது. வேட்டியில் ஒரு புள்ளி இல்லை. விளிம்பை அழுத்திப் பிடித்திருந்த அவருடைய கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. மாமா அதைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மிட்டி," என்றார். வேட்டியை உதறிக்கொண்டு மண்டபத்துக்குள் போனார். திங்கட்கிழமை எந்த டிரைவரும் வரவில்லை. அதன்பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

இன்று அந்த வண்டி நாற்பத்தைந்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. போன மாதம் சர்வீசுக்கு வந்தபோது டிரம்மை நானே கழற்றினேன். அந்தச் செவ்வாய்க்கிழமை மாட்டிய அதே ஷூக்கள்தான், இடையில் மாற்றவே இல்லை. மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மிச்சம் இருந்தது. முன் டிஸ்க் பிரேக்கின் பேடுகளை ஒருமுறை மாற்றியாகிவிட்டது. முறைப்படி முதலில் தேய வேண்டியது முதலில் தேய்ந்திருந்தது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பிரேக் புகார்களை ஆராயும் பட்டியலை நான்தான் கொடுக்கிறேன். அதில் முதல் வரி: ஒரு தடவை அந்த வண்டியில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய் வரவும். பாகங்களை அளப்பது இரண்டாவது வரி.

அதே வாரம் பழைய காகிதங்களைக் கழித்துக்கொண்டிருந்தோம். சித்தியின் வண்டிக்கு நான் எழுதிய வாரண்டி அறிக்கையும் அந்தக் கட்டில் இருந்தது. வண்டியை எடுக்க வந்தவளிடம் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததால் படித்துச் சொல்லச் சொன்னாள். வண்டி எண், ஓடிய தூரம், நான்கு ஷூக்களின் பன்னிரண்டு அளவுகள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசி வரியைத் தமிழில் சொன்னேன்: தேய்வுக்குக் காரணம் வண்டியின் குறை அல்ல, டிரைவர், வேகத்தைக் குறைக்க ஹேண்ட்பிரேக்கைத் தொடர்ந்து பயன்படுத்தியது.

"அந்த எடத்த இன்னொருக்க படி," என்றாள். படித்தேன்.

"கீழ யாரு கையெழுத்து?"

"என்னோடது. பக்கத்துல மேனேஜரோடது. அது கம்பெனி முத்திர."

"எனக்கு ஒரு நகல் எடுத்துக் குடு. லைசென்சோட வச்சிக்கிடுதேன்."

"சித்தி, இது உங்க தப்பத்தான் எழுதியிருக்கு."

"தப்பு இருந்துட்டுப் போகட்டும்," என்றாள். "செஞ்சது டிரைவர்னுதான போட்டிருக்கு."